கலக்குகிறவர்களும் தெளிவு கேட்கிறவர்களும்

ஞாயிறு காலை. ஸ்டோனி கோவின் சரிவுப்பாதையில் முதல் ஜோடி இறங்குகிறது. முதுகில் சிலிண்டர், உடம்பில் கறுப்பு டிரை சூட், கையில் துடுப்புக் காலணி. மார்ச் மாதத்து இங்கிலாந்துக் குளிரில் பேச்சோடு புகையும் வருகிறது. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஓரத்துப் பாறை அடிவரை தெரிகிறது.

லெஸ்டர்ஷயரில் கருங்கல் வெட்டிய பள்ளம் இது. 1958-இல் வேலை நின்றது. இறைப்பதை நிறுத்தியதும் ஊற்று நீர் தானே ஏறிப் பள்ளத்தை நிறைத்துக்கொண்டது. கல் வெட்டியவர்கள் விட்டுப்போன படிகள்தான் இன்றைய பயிற்சித் தளங்கள்: 6 மீட்டரில் ஒன்று, 20 மீட்டரைத் தாண்டி ஒன்று, 35 மீட்டர் வாக்கில் அடித்தரை. நடுப்படியில் ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப் படகு கிடக்கிறது. 2000-ஆம் ஆண்டு வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் பார்க்கலாம்.

முதல் ஜோடி கரையேறுகிறது. உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. குளிருகிறதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்பது ‘விஸ்’, அதாவது நீருக்குள் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதுதான்.

“விஸ் எவ்வளவு?”

“எட்டு மீட்டர். அருமை.”

கரையில் நிற்பவர்கள் அவசர அவசரமாக சிலிண்டரை மாட்டுகிறார்கள். எட்டு மீட்டர் நெடுநேரம் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்து மணிக்குப் பயிற்சிக் குழு. ஆறு மாணவர்கள், ஒரு ஆசிரியர். ஆழம் குறைந்த தளத்தில் வரிசையாக முட்டி போட்டிருக்கிறார்கள். மேலே வரும் குமிழ்க் கொத்துகள் வரிசை கலையாமல் இருக்கின்றன. முகமூடிக்குள் நீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது பாடம். மூன்றாவது கொத்து திடீரெனப் பெருகுகிறது. யாரோ பதறிக் காலை உதைத்திருக்க வேண்டும். கொத்தைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாகிறது. பழுப்பு விரிந்து அடுத்தவரை மூடுகிறது. பின்னாலேயே இறங்கிய இன்னொரு குழு அந்த மங்கலில் தரையைத் தடவி வழி தேடுகிறது. தேடியே மேலும் கலக்குகிறது.

“விஸ் எவ்வளவு?”

“மூணு, நாலு இருக்கும்.”

மதியம் கரையேறியவர் சிரிக்காமல் சொல்கிறார்: “என் கைக்கடிகாரம் தெரிஞ்சுது.”

கல் வெட்டிய குழியின் அடியில் கிடக்கும் தூள் மாவைவிட நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குள்ள வண்டல் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கான களித் துகளுக்கு மூன்று நாளுக்கு மேல். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதம். ஆக, இன்று மிதப்பது நேற்றைய சனிக்கிழமைக் கலக்கலும்தான். இது ஏப்ரல், மே மாதங்களில் வெயிலேறிப் பாசி பூக்கும் பச்சை மங்கலையும் சேர்க்காத கணக்கு.

தேநீர் வரிசையில் மூன்று பேர் இதற்கு வைத்தியம் பார்க்கிறார்கள். முதலாமவர், பார்லி வைக்கோல் கட்டுகளை மிதக்கவிடலாம் என்கிறார். வைக்கோல் மட்க வாரக்கணக்கில் ஆகும். புதுப்பாசி வளர்வதைத் தடுத்தாலும் தடுக்கும், மண்ணை ஒன்றும் செய்யாது. இரண்டாமவர், படிகாரம். நம் ஊரில் பானைக்குள் தேற்றாங்கொட்டை இழைத்தது போலத்தான்: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்கும். ஆனால் பானைக்குள் யாரும் துடுப்பு போட்டு நீந்துவதில்லை. இறங்கியது மேலே வர ஒரு உதை போதும். நீரில் அமிலம் ஏறினால் படிகாரத்திலுள்ள அலுமினியம் மீனையும் கொல்லும்.

மூன்றாமவர் குரலைத் தாழ்த்துகிறார். “மட்டி விட்டா?”

வரிக்குதிரை மட்டியைச் சொல்கிறார். விரல்நுனி அளவு உயிர். ஒன்று நாளைக்கு ஒரு லிட்டர் வரை நீரை வடிகட்டும். நீர் தெளியும். கூடவே மீன்குஞ்சுகளுக்கான நுண்ணுயிர் உணவும் போய்விடும், குழாய்கள் அடைபடும், மூழ்கிய பொருளெல்லாம் கூரிய ஓடு போர்த்திக்கொள்ளும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மில்புரூக் குவாரியிலும் டைவர்கள் பயிற்சி எடுத்தார்கள். பரப்பு 12 ஏக்கர். 2002-இல் அங்கே இந்த மட்டி காணப்பட்டது. பக்கத்து ஓடை, ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஒக்கோக்வான் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அரசு விழித்துக்கொண்டது. 2006-இல் மூன்று வாரம் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் குவாரிக்குள் செலுத்தி மட்டியை ஒழித்தார்கள். பைகளில் உயிருள்ள மட்டிகளை இறக்கிவைத்து, அவையும் செத்தனவா என்று பார்த்த பிறகே வேலை முடிந்தது. செலவு மூன்றரை லட்சம் டாலருக்கு மேல்.

மூவரும் தேநீரை வாங்கிக்கொண்டு நகர்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், மரப்பெஞ்சின்மேல் ஓர் இளைஞன் குப்புறப் படுத்திருக்கிறான். அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள் அவன் கணுக்கால்களைப் பிடித்து, முழங்காலை மடக்கி, தவளை உதைப்பது போல் பக்கவாட்டில் விரிக்கக் கற்றுக்கொடுக்கிறார். “கீழே தள்ளாதே, பின்னால தள்ளு.” போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிறிது நேரத்தில் இருவரும் இறங்குகிறார்கள். இரண்டு குமிழ்க் கொத்துகள் தளத்தைக் கடந்து ஆழத்தை நோக்கிப் போகின்றன. அவை போன வழியில் நீரின் நிறம் மாறவேயில்லை.

என்னைக் கேட்டால், அந்த மரப்பெஞ்சு வைத்தியத்துக்கே என் ஓட்டு. பயிற்சி தருபவர்கள் மாணவர்களை முட்டி போட வைக்காமல், முதல் நாளே மிதக்கப் பழக்குங்கள். அதற்கும் முன்னால், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தெளிந்த நீர்தான் வேண்டும் என்பவர்கள் புதன், வியாழன் பார்த்துப் போங்கள்.