ஒரு கூரை, பல கல்லா
அத்தானின் காப்புறுதி அட்டையை அந்தத் தனியார் வைத்தியசாலையின் விடுதிப் பிரிவு முகமலர்ந்து ஏற்றது. அதே கட்டடத்தின் கதிர்ப்படப் பிரிவிலோ அது செல்லாக்காசு. "இது வேறை கொம்பனி, சேர், காசாய்த்தான் கட்டவேணும்" என்றார் காசாளர். அக்கா தன் கைக்காப்பைப் பார்த்தாள். நோய் ஓருடலில் இருக்க, வியாபாரம் அறைக்கொன்றாய்ப் பிரிந்து கிடந்தது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வைத்தியசாலை காப்புறுதியை ஏற்றாலும், அங்கே மயக்கமருந்து கொடுத்த வைத்தியர் அதனை ஏற்காது தனிக்கட்டணம் கேட்பது சாதாரணமாயிருந்தது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம் 2022 முதல் அதனைப் பெரும்பாலும் தடுத்தது. தரைவழி அம்புலன்ஸ் கட்டணமோ அச்சட்டத்துள் அடங்காமல் தப்பிக்கொண்டது.

அட்டை எந்தெந்தப் பிரிவில் செல்லும் என்பதை, நோயாளியை அனுமதிக்குமுன் எழுத்தில் தரும்படி நாம் கேட்கவேண்டும். தாதியிடமன்று, அவளும் கூலிக்கு நிற்பவள், முதலாளியிடம்.