கானமயிலும் அப்பா போட்ட கம்பியும்

வழக்கமா டிசம்பர் லீவுன்னா வதோதராவிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலேறிவிடுவோம். 2023இல் கதை மாறிவிட்டது. தீபாவளிக்கு இங்கே வந்த அம்மா, பொங்கல் வரைக்கும் இருக்கேன் என்று சொல்லிவிட்டாள். ஊரே இங்கே வந்த பிறகு ஊருக்கு எதற்கு? "அப்ப எங்கயாவது கார்ல கூட்டிட்டுப் போங்க" என்று தங்கமணி ஆரம்பித்தார். "பாலைவனம்!" என்று பெரியவள் முடித்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளியில் அழியும் நிலையில் இருக்கிற உயிரினம் ஒன்றைப் பற்றி புராஜெக்ட். புலி, சிங்கம், காண்டாமிருகம் எல்லாவற்றையும் மற்ற பிள்ளைகள் சுருட்டிக்கொண்டுவிட, இவளுக்கு மிஞ்சியது கிரேட் இண்டியன் பஸ்டர்ட். ராஜஸ்தானில் கோடாவன் என்பார்கள், அந்த மாநிலப் பறவை. தமிழில் கானமயில். ஔவையார் மூதுரையில் வான்கோழியோடு சேர்த்துச் சொல்வது இதைத்தான் என்று ஒரு கட்சி, இல்லை அது சாதாரணக் காட்டுமயில்தான் என்று இன்னொரு கட்சி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பொட்டல்களிலும் இது இருந்திருக்கிறது என்பதால் நான் முதல் கட்சி.

பறவையின் பேரைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் லேசாகப் புளி கரைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினோம். டிக்கியில் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு பிளாஸ்க் காபி. முன் சீட்டில் குரங்குக் குல்லாயோடு அம்மா. அகமதாபாத், விரம்காம் தாண்டி தசாடா பக்கம் முதல் ராத்திரி. அங்கிருந்து சின்ன ரண்ணுக்குள் ஜீப்பில் போனோம்.

ரண் பாலைவனம்தான், ஆனால் மணல் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், ஐப்பசிக்குள் காய்ந்து தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தத் தரையில் காட்டுக்கழுதைகள் ஓடுகின்றன. வெளிர் பழுப்பும் வெள்ளையும், முதுகில் ஒரு கறுப்புக் கோடு. "இதப் போயி கழுதைன்னு சொன்னா அது கோவிச்சுக்கும்லா" என்றாள் அம்மா. நியாயம்தான், குதிரைக் களை. 2020 கணக்கெடுப்பில் 6,082 இருந்தவை 2024இல் 7,672 ஆகியிருக்கின்றன. இந்தப் பயணத்தில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிற ஒரே பிராணி இதுதான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கழுதையை விட அம்மாவை இழுத்தது உப்பு. அகரியா மக்கள் குடும்பத்தோடு வந்து, பூமிக்கடியிலிருந்து உப்புத் தண்ணியை இறைத்து, பாத்தி கட்டி, குளிர்காலம் முழுக்க அங்கேயே குடிசை போட்டு இருக்கிறார்கள். அம்மா இறங்கிப் பாத்தி ஓரமாகக் குந்திவிட்டாள். "முள்ளக்காட்டுல எங்க சித்தப்பா அளத்துல இதே வேலைதாம்ல. கண்ணு கூசும், காலு வெடிச்சிரும்." அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு குஜராத்தி தெரியாது. இருவரும் உள்ளங்காலைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்! முன்பெல்லாம் டீசல் பம்புக்கே வருமானத்தில் பெரும்பகுதி போய்விடுமாம். இப்போது நிறையப் பேர் சோலார் தகடு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு, பரவாயில்லை, நம்ம துறையும் நாலு பேருக்கு நல்லது செய்திருக்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம். (அதற்கு ஆயுசு இரண்டே நாள்.)

மறுநாள் ராதன்பூர், தராத், சாஞ்சோர் வழியாக பார்மேர். எழுத ஒன்றுமில்லை. சின்னவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஜெய்சல்மேருக்கு 17 கி.மீ. முன்னால் ஆக்கல். 18 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. டைனோசர் காலத்தில் இங்கே காடு இருந்தது என்றதும் சின்னவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு மரம் இல்லை, ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை. ஜெய்சல்மேர் காற்றாலைப் பண்ணை ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல், 2001லிருந்து வளர்ந்து வந்தது. பணகுடிக்காரியான அம்மாவுக்கு இது முப்பந்தல் மாதிரியே தெரிந்தது. "இதுவளும் மழைய விரட்டுமோ?" என்று கேட்டாள். காற்றாடி வந்த புதிதில் எங்கள் பக்கம் அப்படி ஒரு பேச்சு உண்டு. "அதெல்லாம் இல்லம்மா" என்று நான் வழக்கம்போல லெக்சரை ஆரம்பிக்க, பெரியவள் குறுக்கிட்டாள்.

"மழையை விரட்டாது ஆச்சி. பறவையைக் கொல்லும். காத்தாடி இல்ல, அந்தக் கம்பி." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இங்க இருக்கிற டவர்ல நீங்க போட்டது ஏதாவது இருக்கா?"

சரி, இப்போது புளி விஷயம்.

எனக்கு வேலை டிரான்ஸ்மிஷன் லைன் வடிவமைப்பு. 2013இல், இதற்கு முந்தைய கம்பெனியில் இருந்தபோது, இந்த மாவட்டத்தில் ஒரு 220 கிலோவோல்ட் லைனுக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தளத்துக்கு வந்ததே இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தில் ஊர்களையும் ரோடுகளையும் தவிர்த்துக் கோடு இழுத்தேன். 350 மீட்டருக்கு ஒரு டவர். படத்தில் அந்த நிலம் முழுக்க ஒரே நிறம். வருவாய்த்துறைக் கணக்கில் 'தரிசு'. தரிசு என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம், நஷ்ட ஈடு குறைவு, தகராறு இல்லை. கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்று மேனேஜர் தட்டிக்கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இருக்கும்மா. இந்தப் பக்கம் எங்கயோ ஒண்ணு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நாலாம் நாள் பாலைவனத் தேசியப் பூங்கா. 3,162 சதுர கி.மீ., ஜெய்சல்மேர், பார்மேர் இரண்டு மாவட்டங்களிலும் பரவியது. பேர்தான் தேசியப் பூங்கா. 1980இல் சரணாலயமாக அறிவித்ததோடு சரி, தேசியப் பூங்கா என்ற இறுதி அறிவிப்பு வரவே இல்லை. உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மேய்கிறது. வனத்துறை நடுவில் சில இடங்களை வேலி போட்டு வைத்திருக்கிறது. அதில் ஒன்றான சுதாசரிக்கு விடியும் முன்பே போய்விட்டோம். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், சீட்டைக் காட்டக் கை வரவில்லை. அம்மா மட்டும் வண்டிக்குள்ளேயே போர்வைக்குள் முருகா முருகா.

சிங்காரா மான் பார்த்தோம், நரி பார்த்தோம், பிணந்தின்னிக் கழுகுகள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்தன. இரண்டு மணி நேரம் போயிற்று. சின்னவன் தூங்கிவிட்டான். அப்புறம்தான் கூட வந்த உள்ளூர்க்காரர் கையை மெல்லத் தூக்கினார்.

புல்லுக்கு மேலே முதலில் வெள்ளைக் கழுத்து மட்டும் தெரிந்தது. தலையில் கறுப்புத் தொப்பி. அப்புறம் முழுசாக வெளியே வந்து, ஒரு மீட்டர் உயரம் இருக்கும், பெரிய மனுஷன் மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. ஆண் பறவை 15 கிலோ வரை வரும், பறக்கிற பறவைகளில் மிக கனமானவற்றில் ஒன்று. பெரியவள் மூச்சு விடவில்லை. உலகத்தில் மொத்தமே 150க்குக் கீழே, அதில் ஒன்று எங்களுக்கு முன்னால் வெட்டுக்கிளி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பறக்குமா?" என்று தங்கமணி கிசுகிசுத்தார். பறக்கும், அதுதான் பிரச்சினையே. இதன் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. பறக்கும்போது கீழே நிலத்தைப் பார்த்தபடி போகும், நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. கிட்டே வந்த பிறகு கம்பி தெரிந்தாலும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. மின்சாரம் தாக்கிச் சாவதை விட மோதிச் சாவதுதான் அதிகம். அதிலும் டவர் உச்சியில் இடியைத் தாங்க நாங்கள் இழுக்கிற எர்த் வயர் இருக்கிறதே, மற்றதை விட மெல்லிசு, வானத்தோடு கரைந்துவிடும். இந்த தார் பகுதியில் மட்டும் மின்கம்பிகளால் ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கானமயில் ஒரு தடவைக்கு ஒரு முட்டைதான் இடும். இந்தக் கணக்கைப் போட எஞ்சினியர் வேண்டாம்.

அது பறக்கவில்லை. பத்து நிமிஷம் மேய்ந்துவிட்டுப் புல்லுக்குள் போய்விட்டது. நிம்மதியாக இருந்தது.

திரும்பும் வழியில் இன்னொரு இடத்துக்கும் போனோம், தேகராய் ஓரண். ஓரண் என்றால் சாமிக்கு விட்ட காடு. கேஜ்டி, இலந்தை, கேர் புதர்கள், ஒட்டகங்கள், அம்மன் கோயில். கோடாலி வைக்கக் கூடாது, மேய்க்கலாம். அம்மா வண்டியை விட்டு இறங்கினதும் செருப்பைக் கழற்றினாள். "நம்ம சாஸ்தா கோயிலு மாதிரில்லா இருக்கு." பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் போகிற சாஸ்தா கோயில் காட்டிலும் ஒரு சுள்ளி எடுக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர்களுக்கு இது சாமி காடு. அரசாங்கக் கணக்கில் ஓரண்கள் பலவற்றுக்கு அந்தப் பேரே கிடையாது, அரசு நிலம், தரிசு. எங்கள் ஊர்க் காட்டை ஓரண் என்று பதிவு பண்ணுங்கள் என்று இவர்கள் மனுப் போட்டும் நடைபயணம் போயும் கேட்டு வருகிறார்கள். மரங்களுக்கு மேலே கம்பி போகிறது. இது நான் போட்டதில்லை. ஆனால் நான் போட்ட கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அந்தக் கம்பிய எல்லாம் மண்ணுக்குள்ள போட்டா என்ன?" அம்மா சாதாரணமாகக் கேட்டாள். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அன்றைக்கு ஆபீசில் நாங்கள் அடித்த கமெண்டை இங்கே எழுத முடியாது. சிரமம் இருப்பது நிஜம். உயர் அழுத்த ஏசி கேபிளை நெடுந்தூரம் புதைத்தால் கேபிளை சார்ஜ் பண்ணவே பாதி திறன் போய்விடும், சூடு வெளியேறாது, செலவு பல மடங்கு. இதை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செலவுதானே முதல்ல தோணிச்சு ஒங்களுக்கு?" என்றாள். நாங்கள் போய் வந்த மூன்றாம் மாதம், 2024 மார்ச் 21இல், உச்ச நீதிமன்றம் அந்த ஒட்டுமொத்த உத்தரவைத் திருத்தி ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. தொழில்ரீதியாக எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வீட்டில் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசிக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் கானமயில் குஞ்சு பொரித்தது. அதை மட்டும் வாசித்தேன்.

கடைசியாக பலோடி பக்கம் கீச்சன். மங்கோலியா பக்கமிருந்தெல்லாம் வரும் குர்ஜா கொக்குகளுக்கு ஊர்க்காரர்கள் தினமும் காலையில் தானியம் இறைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வானம் சாம்பல் நிறமாகச் சத்தத்தோடு இறங்கியது. சின்னவன் முதல் தடவையாக விழித்திருந்தான். :) 2025 ஜூனில் அந்த இடத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அங்கேயும் கொக்குகள் கம்பியில் அடிபட்டுச் செத்திருக்கின்றன, ஊர்க்காரர்கள் சண்டை போட்டு சில கம்பிகளை அகற்ற வைத்திருக்கிறார்கள். எப்படி என்று பெரியவள் ஒரு தாத்தாவிடம் இந்தியில் அரை மணி நேரம் விசாரித்தாள்.

வீடு திரும்பி, ஜனவரி 2ஆம் தேதி ஆபீசுக்குக் கிளம்பும்போது நோட்டை நீட்டினாள். பயணம் முழுக்க ஜன்னல் வழியாக எண்ணியிருக்கிறாள். லைன் லைனாக, ஊர்ப் பேரோடு, எத்தனை டவர், பறவைக்குத் தெரிவதற்காக மாட்டுகிற டைவர்ட்டர் இருந்ததா இல்லையா. பெரும்பாலும் 'இல்லை'. அம்மா கேட்ட கேள்வியும் ஓரமாக எழுதியிருந்தது.

"புராஜெக்ட்ல இதைச் சேர்க்கலையா?"

"ஸ்கூலுக்கு வேற காப்பி இருக்கு. இது உங்க ஆபீசுக்கு."

டிபன் டப்பாவோடு அதையும் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மதியம் ஒரு புது லைனுக்குப் பாதை பார்க்கும் மீட்டிங். படத்தில் ஒரு பெரிய பகுதி ஒரே நிறத்தில் இருந்தது. இந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் என்ன பேர் சொல்கிறார்கள், யாராவது போய்க் கேட்டீர்களா என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிப்ரவரியில் என்னையே அனுப்பினார்கள்.