தொட்டியின் மேல் நாலு விரல்

கொளத்தூர் மீன் கடைகளில் ‘டைனோசர்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பெயர்தான் பெரிது, பையில் கிடந்தது சுண்டுவிரல் நீளக் குஞ்சு. செனகல் பிச்சிர். ஆப்பிரிக்காவின் நைல், நைஜர், செனகல் ஆறுகளுக்குச் சொந்தமான இனம். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இறகுபோல் ஏதோ ஆடியது. பூஞ்சை என்று முடிவு கட்டி உப்பைப் போட்டேன். மறுநாளும் போகவில்லை, இன்னொரு பிடி போட்டேன். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனபோது அவர் சிரித்தார். “சார், அது செவுளு. வளந்தா தானா போயிடும்.”

போய்விட்டது. தலைப்பிரட்டைக்கு முதல் சில நாள் இருப்பதுபோன்ற வெளிச்செவுள் அது. அதையும் அந்த மீனின் கருவளர்ச்சியையும் பார்க்கத்தான் ஜான் சாமுவேல் பட்ஜெட் என்ற கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் நான்கு முறை ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1903இல் நைஜர் டெல்டாவில் இந்த மீனின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து, குஞ்சு வளர்வதைக் கண்ணால் பார்த்தார். அங்கே பிடித்த காய்ச்சல் விடவில்லை. 1904 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 31. அவர் கொண்டுவந்ததை வைத்து ஆய்வை எழுதி முடித்தவர் நண்பர் கிரஹாம் கெர். அந்தச் செவுளைக் கரைக்கத்தான் நான் கல்லுப்பைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஆதி மீன் என்பார்கள். கெண்டை, விரால், வஞ்சிரம் எல்லாம் அடங்கிய பெருங்குடும்பத்தில், இன்று உயிரோடு இருப்பவற்றுள் முதலில் தனிக்கிளையாகப் பிரிந்தது இதன் வம்சம் என்பது சரி. அதனால் இதை அரைகுறை மீன் என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் வளர்த்துப் பார்க்கலாம்.

மீன் வளர்க்கிற எல்லாரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். பிச்சிர் வளர்க்கிறவன் தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்றையும் பார்க்க வேண்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் நாலு விரல் இடம் விட்டு மூடுவேன். விராலும் மேலே வந்து காற்றுக் குடிக்கும், ஊர்க்குளத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்குத் தலைக்குள் காற்றறைகள்தான். இதற்கு வயிற்றுப் பக்கமாக இரண்டு நுரையீரல், வலது நீளம், இடது குட்டை.

விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். முதுகில் ரம்பப்பல் வரிசையாகச் சிறுதுடுப்புகள் (என்னுடையதற்கு ஒன்பது) நிமிர, மீன் சாய்வாக எழும்பும். உச்சந்தலை மட்டும் நீர்மட்டத்தைத் தொடும். அங்கே இரண்டு சிறு துளைகள் உண்டு. கலவரம் இல்லாதபோது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் இழுக்கும். மூச்சை வெளியே விடும்போது உடம்பு ஒடுங்கும். எனாமல் பூசினாற்போன்ற கெட்டிச் செதில் சட்டை, அமுக்கிய ரப்பர் பந்துபோல் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்த வேகத்தில் காற்று உள்ளே போகும். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கண் மந்தம். போட்ட இறாலைத் தாண்டிப் போய், குழல்போல் நீண்ட மூக்கால் மோப்பம் பிடித்துத் திரும்பி வரும். இருட்டில் கணக்கு வேறு: கூட விட்ட ஆறு கப்பிகளில் விடியும்போது இரண்டு மிச்சம்.

போன கார்த்திகை மழையில் ஒருநாள் காலை தொட்டி காலி. ஃபில்டர் குழாய்க்காக மூடியில் விட்ட இரண்டு விரல் சந்து வழியாகப் போயிருக்கிறது. தேடித் தேடி, வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் கண்டுபிடித்தேன். உடம்பெல்லாம் தூசியும் தலைமுடியும். ஈரக்கையால் எடுத்துத் தண்ணீரில் விட்டதும் கல்லாய் அடியில் கிடந்தது. பல் துலக்கக்கூட மனசு வராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மெல்ல எழும்பி, ‘ப்ளக்’.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இதே இனத்தின் குஞ்சுகளை ஏறக்குறைய எட்டு மாதம் ஈரத்தரையில் வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். தரையில் வளர்ந்தவை துடுப்பை உடம்போடு ஒட்டி ஊன்றி, தலையை உயர்த்தி நடந்தன. தோள் எலும்பின் வடிவமே மாறியிருந்தது. என் வீட்டில் ஒரே ராத்திரி. தொட்டி இருக்கிற படுக்கையறையின் கதவிலிருந்து செருப்பு ஸ்டாண்டுவரை பதினொரு அடி, டேப் வைத்து அளந்தேன்.

சந்தில் இப்போது ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறேன். இரவு பத்துக்கு மேல் அதை மூக்கால் முட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது.