அடுத்த மேசைக்கு யார் பணம்?

வானொலியில் இரவு நிகழ்ச்சி முடித்து நான் சுங்கை வேக்குத் திரும்பும்போது பெரும்பாலும் மணி ஒன்றைத் தாண்டிவிடும். போன ஆண்டு சில மாதங்கள், அந்நேரத்திலும் என் தம்பியின் அறையில் கைப்பேசி வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது.

தம்பிக்கு வயது 27. இங்குள்ள தடையற்ற வாணிப வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். கணக்கில் கெட்டி. 300 வெள்ளியோடு இணையப் போக்கரில் நுழைந்தவன், ஐந்தே மாதத்தில் அதை 2,100 ஆக்கியிருந்தான். ஒரு ஞாயிறு காலை பசியாறும்போது, "அக்கா, இனிமே நான் மேல போகப்போறேன்" என்றான். பதவி உயர்வு கிடைத்தவனைப் போல முகம் மலர்ந்திருந்தது.

போக்கரில் 'மேலே போவது' என்றால், பெரிய பந்தயம் கட்டும் மேசைக்கு மாறுவது. அவன் ஆடியது 50 சென், 1 வெள்ளி மேசை. அதில் வழக்கமாக 100 வெள்ளியோடு உட்காரலாம். அவன் கண் வைத்தது 5, 10 வெள்ளி மேசை. அங்கே உட்காரவே 1,000 வெள்ளி வேண்டும். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இரண்டு ஆட்டம் கவிழ்ந்தால் ஒரு மாத உழைப்பு போச்சு.

"இது சூதாட்டம் இல்லக்கா, திறமை. மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு" என்றான். சொன்னது உண்மைதான். தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் நாட்டில் 1953ஆம் ஆண்டிலிருந்தே பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் இருக்கிறது. எங்கோ வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளம், ஜெயித்த பணத்தைத் தர மறுத்தால், எந்தப் போலீஸ் நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பது?

சட்டத்தை விடுவோம், அவன் சொன்ன திறமையையே எடுத்துக்கொள்வோம் என்றேன். சின்ன மேசையில் அவனிடம் தோற்றவர்கள் யார்? வேலை முடிந்து பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். அவர்களை ஜெயித்தவர்கள்தான் அடுத்த மேசைக்கு ஏறுகிறார்கள். அப்படியானால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அவனைப் போல ஏறி வந்தவர்கள்தானே? இது திறமை விளையாட்டு என்றால், புதிதாக ஏறுகிறவன்தான் அந்த மேசையில் திறமை குறைந்தவன். போதாததற்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

சுவீடனைச் சேர்ந்த விக்டர் புளோம், 'இசில்டுர்1' என்ற பெயரில் ஆடியவர். 2009இல், 19 வயதில், இணையத்தின் மிகப்பெரிய மேசைகளுக்கு ஏறினார். சில வாரங்களில் பல மில்லியன் டாலர் குவித்தார். அதே ஆண்டு டிசம்பரில், ஒரே எதிராளியிடம் ஒரே அமர்வில் 40 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அவர் திறமையில்லாதவர் அல்ல.

கைதேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப் போல 20, 30 மடங்கு தனியாகக் கையில் இருக்க வேண்டும். அது கரைந்தால் கௌரவம் பார்க்காமல் கீழ்மேசைக்கு இறங்கிவிட வேண்டும். அந்தக் கணக்குப்படி தம்பிக்கு 20,000 வெள்ளியாவது தேவை. இருந்தது 2,100. விதி அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் ஏறினான்.

நான்கே இரவுகளில் 2,100 தீர்ந்தது. அடுத்த வாரம் ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கைத் தொட்டான். 2024 மே மாதம் வந்த, எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய கணக்கு அது. அதிலிருந்த 3,400 வெள்ளியும் போனது. பிறகு கடன் அட்டை.

அந்த மாதம்தான் அம்மாவுக்கு 55 வயது நிறைந்தது. முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து சேர்த்த சேமநிதிப் பணம் கைக்கு வரும் நேரம். "ரெண்டே மாசம்மா, திருப்பிக் கொடுத்துடுறேன்" என்றான்.

மேசை மாறினாலும் அதே 52 சீட்டுதான், அதே விதிதான். மாறுவது யாருடைய பணம் என்பது மட்டும்தான். பொழுதுபோக்குக்கு ஒதுக்கியது, பிறகு சேமிப்பு, பிறகு கடன், கடைசியில் அம்மாவின் கால்வலி.

அம்மா திட்டவில்லை. "எவ்வளவு வந்தா எழுந்திரிப்ப?" என்று கேட்டார். ஒரு தொகை சொன்னான்.

"அது வந்த பிறகு, அதுக்கு மேல ஒரு மேசை இருக்குமா?"

"இருக்கும்."

அம்மா வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நம் பெரியவர்கள் காலத்தில் சூதாட வேண்டுமென்றால் கெந்திங் மலைக்கு ஏற வேண்டும். லிம் கோ தோங் அங்கே முதல் ஹோட்டலைத் திறந்தது 1971இல். 6,000 அடி உயரம், குளிர், வளைந்து வளைந்து போகும் பாதை. 21 வயது ஆகாதவர்களுக்குக் கசினோவில் இடமில்லை. அங்கே வீட்டையே தோற்றவர்களும் உண்டு. ஆனாலும் எப்படியும் பஸ் பிடித்துக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கும் வழியில் யோசிக்க ஒரு மணி நேரமாவது கிடைக்கும். கைப்பேசியில் அந்த இறக்கம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் அதைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் யாராவது 'மேலே போகிறேன்' என்று சொன்னால், உபதேசத்துக்கு முன்னால் அம்மா கேட்டதையே கேளுங்கள். கடன் ஏறிவிட்டால் ஒளிக்காதீர்கள். பேங்க் நெகாராவின்கீழ் 2006 முதல் இயங்கும் ஏ.கே.பி.கே. கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. தம்பியை அங்கே நான்தான் அழைத்துப் போனேன். உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் ஒரே தாளில் எழுதியபோதுதான், தான் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பதை அவன் முதன்முறையாகக் கூட்டிப் பார்த்தான்.

இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. சம்பளம் வந்ததும் கட்டிவிட்டு ரசீதை அம்மாவிடம் காட்டுகிறான். அம்மா தொகையைப் பார்ப்பதில்லை. தேதியை மட்டும் பார்த்துவிட்டு, "சரி, வா, சாப்பிடு" என்கிறார்.