இரு மன்னர்களுக்கு நடுவே ஒரு பிள்ளை

சாலமோன் மன்னனின் தீர்ப்பை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டுவிட்டோம். ஒரு குழந்தை, இரு பெண்கள், ஒரு வாள். மன்னனின் ஞானத்தை வியக்கும் நாம், அக்கதையில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் நினைத்துப் பார்க்கலாம். அப்பெண்கள் இருவரும் ஒரே அரசனின் குடிமக்கள். அவர்களில் ஒருத்தி கடலுக்கு அப்பால் வேறொரு மன்னனின் ஆட்சியில் வாழ்ந்திருந்தால்?

1999 நவம்பரில் கியூபாவிலிருந்து சிறு படகில் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டவர்களுள் பலரைக் கடல் விழுங்கியது. ஒரு தாய் மாண்டாள். அவளுடைய ஐந்து வயது மகன் எலியான் கொன்சாலஸ், காற்றடைத்த ரப்பர் வளையத்தில் மிதந்தவனாய்ப் புளோரிடாவுக்கு அருகே மீட்கப்பட்டான். மியாமியில் வாழ்ந்த சின்னத் தாத்தாவின் குடும்பம் அவனை அணைத்துக்கொண்டது. பெற்றோர் முன்னரே மணமுறிவு பெற்றவர்கள். கியூபாவிலிருந்த தந்தை மகனைத் திருப்பிக் கேட்டார். இரு தரப்பும் ஒரே இரத்தம். ஆனால் இரு பகை நாடுகள்.

2000 ஜனவரியில் பாட்டிமார் இருவரும் பேரனைக் காண வந்தனர். சந்திப்புக்குப் பொதுவான இடமாகத் தேர்ந்தது, பாரி பல்கலைக்கழகத்தின் தலைவியான தொமினிக்கன் சபை அருள்சகோதரி ஜீன் ஓ'லாக்லினின் இல்லம். சந்திப்பு முடிந்தபின், சிறுவன் அமெரிக்காவிலேயே இருக்கவேண்டும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். நடுநிலை தவறினார் என்று குறைகூறியோர் உண்டு. அவருடைய முடிவை நாம் ஏற்கவில்லை. தந்தை உயிரோடிருக்கிறார் அன்றோ! ஆயினும் அக்குழந்தையை அருகிருந்து கண்டபின் நடுவில் நிற்பது எளிதன்று.

ஏப்ரல் 22, பெரிய சனி. உயிர்ப்புத் திருவிழிப்புக்கு முந்திய விடியலில் துப்பாக்கி ஏந்திய அதிகாரிகள் அவ்வீட்டினுள் நுழைந்து சிறுவனைத் தூக்கிச் சென்றனர். அஞ்சி நிற்கும் அம்முகத்தை உலகெங்கும் நாளிதழ்கள் வெளியிட்டன. நீதிமன்றப் படிகள் எல்லாம் முடிந்து, ஜூன் 28 அன்று அவன் தந்தையோடு கியூபா திரும்பினான். தீர்ப்பு சரி, அந்த விடியலை எப்படிச் சரி என்பது?

இத்தகைய வழக்குகளுக்கென்றே 1980-இல் ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று. கியூபா அப்போது அதில் சேர்ந்திருக்கவில்லை. பிள்ளை யாருக்குரியது என்று அது தீர்ப்பதில்லை; எந்த மன்னன் தீர்க்கவேண்டும் என்பதையே சொல்கிறது. பெற்றோரில் ஒருவர் முறைகேடாகக் கொண்டுசென்ற பிள்ளையை, அது வாழ்ந்துவந்த நாட்டுக்கே அனுப்பி, வழக்கை அங்கே நடத்தச் செய்கிறது. பிள்ளைக்குக் கடுந்தீங்கு நேருமெனில் விலக்கு உண்டு. ஓராண்டு கடந்து, பிள்ளை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டாலும் அனுப்ப மறுக்கலாம்.

இந்தியா இதில் சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது, இன்றளவும் சேரவில்லை. அயல்நாட்டில் கணவனின் கொடுமைக்குத் தப்பி, பிள்ளையோடு தாய்வீடு வந்த பெண்ணையும் திருப்பி அனுப்ப நேருமே என்ற அச்சம் ஒரு காரணம். அது வெற்றச்சம் அன்று. அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைக்காக, மற்றவர் இங்கே ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றப் படியேறுகிறார். நீதிபதி சில வேளைகளில் பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துப் பேசுவதும் உண்டு. அதற்குள் அது இங்கொரு பள்ளியில் சேர்ந்திருக்கும். பாட்டியின் தமிழ் நாவில் ஏறியிருக்கும். கடலுக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் அழைக்கும் தந்தையிடம் சொல்வதற்குச் சொற்கள் குறைந்துகொண்டே வந்திருக்கும்.