ஓடிபி வரும் கைப்பேசி யாருடையது?

நொச்சியம் தாண்டியதும் பேருந்துக்குள் நெல் அவியும் வாடை ஏறியது. மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர்; மில்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றின் அலுவலக அறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, திருச்சியிலிருந்து வந்திருந்த கணினி நிர்வாகி மடிக்கணினியைத் திறந்து தணிக்கையைத் தொடங்கியிருந்தார். அவர் தணிக்கை செய்வது பேரேட்டை அல்ல, ஊழியர்களின் கூகுள் கணக்குகளை.

ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். அதற்காகப் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார். நிர்வாகியின் அனுமதியோடு கூகுளிடம் கேட்டு, எல்லாப் பயனர்களையும் எக்செலில் திறக்கும் பட்டியலாக அது இறக்கித் தருகிறது. கடவுச்சொல்லை அது தொடுவதே இல்லை. பெயர், கடைசியாக உள்ளே வந்த நாள், நிர்வாக அதிகாரம் உண்டா, கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டான இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா என்பதை மட்டும் படிக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பட்டியலில் இரண்டு பத்திகள். பயனர் தன் கணக்கை இரண்டடுக்குச் சரிபார்ப்பில் சேர்த்திருக்கிறாரா என்பது ஒன்று; சேர்த்தே ஆகவேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்தியிருக்கிறதா என்பது மற்றொன்று. முதல் பத்தியில் ‘ஆம்’ என்று பார்த்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அவர் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கிறார். கட்டாயம் இல்லாத இடத்தில், கைப்பேசி மாற்றுகிற அன்றைக்கே ஒருவர் அதை அணைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது.

அடுத்து, கடைசியாக நுழைந்த தேதிப்படி பட்டியலை வரிசைப்படுத்தினார். பல மாதங்களாக யாருமே தொடாத கணக்குகள் மேலே வந்து நின்றன.

“இந்தக் கணக்கு யாரோடது அண்ணே?”

கணக்குப்பிள்ளை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அவரு வேலையை விட்டுப் போயிட்டாரே தம்பி.”

ஆள் போன பிறகும் கணக்கு திறந்தே கிடப்பது சின்ன விஷயமல்ல. 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, புழக்கத்தில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கு வழியாகத்தான். அதன் கடவுச்சொல் கசிந்திருந்தது. இரண்டாவது பூட்டு இல்லை. கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் நாள்கணக்கில் நின்றது. சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகையாகக் கொடுத்தார்கள். ஒரு பழைய கணக்கை மூட ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஸ்கிரிப்ட் காட்டாத ஒன்றும் உண்டு. அதற்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்து லோடு ஏற்றும் இடத்துக்குப் போகிறார். ஒரே கணக்கை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது எந்தப் பத்தியிலும் வராது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் கணிப்பில் இந்தத் தொழிலின் பாதித் திறமை அந்த விசாரிப்பில் இருக்கிறது.

அங்கே பேச்சு, லாரியில் சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் ஈ-வே பில்லுக்குப் போனது. 25 கிலோ வரையிலான பைகளில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி. அந்தச் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வெளிமாநில லோடு ஈ-வே பில் இல்லாமல் நகராது. ஈ-வே பில் தளத்தில் 100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 20 முதல் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமானது. பிறகு 2025 ஜனவரியில் 20 கோடி, பிப்ரவரியில் 5 கோடி என்று வரம்பு இறங்கி, ஏப்ரல் 1 முதல் எல்லாருக்குமே கட்டாயமாகிவிட்டது.

“ஓடிபி முதலாளி போனுக்குத்தான் வரும் தம்பி. அவரு ஸ்ரீரங்கத்துக்குச் சேவிக்கப் போயிட்டா லாரி நிக்கும். அதனால அவரே நம்பரைப் படிச்சு போன்ல சொல்லிடுவாரு” என்றார் பில் போடுபவர்.

நிர்வாகி குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். ஓடிபியைத் தொலைபேசியில் சொல்லிப் பழகிய இடத்தில், அடுத்த முறை கேட்பது யார் குரல் என்று எப்படித் தெரியும்?

இதற்குத் தீர்வு அந்தத் தளத்திலேயே இருக்கிறது. பில் போடும் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துணைப் பயனர் கணக்கு உருவாக்கலாம். ஓடிபி அவரவர் கைப்பேசிக்கே போகும். என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலியிலும் எடுத்துக்கொள்ளலாம். மில் வைத்திருப்பவர்கள் அடுத்த லோடு கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள்.