அனுமதி கொடுத்தது யார்?

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்த காலம். ஹட்டன் நகரத்துக் கைத்தொலைபேசிக் கடையொன்றில் திக்கோயாவைச் சேர்ந்த கொழுந்து பறிக்கும் தொழிலாளிப் பெண்ணொருவரைச் சந்தித்தேன். செயலியொன்றின் மூலம் சிறுதொகை கடன் பெற்றிருந்தார். தவணை பிந்தியதும் அழைப்பு அவருக்கு மட்டும் வரவில்லை. லயத்து அயலவர்களுக்கும், கொழும்பில் வீட்டுவேலை செய்யும் தங்கைக்கும், கோயில் தலைவருக்கும் சென்றிருந்தது.

"நா யாரு நம்பரையும் குடுக்கலீங்களே ஐயா" என்றார்.

செயலியை நிறுவியபோது தோன்றிய ஆங்கில வாசகத்தின் கீழிருந்த பொத்தானை அவர் அழுத்தியிருந்தார். அழுத்தாவிடின் விண்ணப்பம் மேலே நகராது. அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியே கேட்கும் முறை 2015இல் வந்தது. நல்ல சீர்திருத்தந்தான். ஆயினும் கேட்கப்படுபவர் தொலைபேசிக்கு உரியவர் மாத்திரமே. அதிலுள்ள இருநூறு இலக்கங்களுக்கு உரியவர்களை எவரும் கேட்பதில்லை. தங்கையின் இலக்கத்தைக் கையளிக்க அக்காளுக்கு என்ன உரிமை?

அச்செயலிக்குப் பயனர்கள் எழுதியிருந்த கருத்துகளை வாசித்துப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் பல, பணம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் எழுதப்பட்டவை போலும். ஒற்றை நட்சத்திரத்துடன் முறையிட்டோர் அனைவருக்கும் ஒரே ஆங்கிலப் பதில்: வருந்துகிறோம், மின்னஞ்சல் அனுப்புங்கள். கடன் கொடுப்பதற்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை. வாசகர் கடிதங்களோடு பல்லாண்டு மாரடித்தவன் நான். வார்ப்புப் பதிலை முதல் வரியிலேயே இனங்காண்பேன்.

தனிநபர் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் புகைப்படங்களையும் அணுகுவதை 2023 மே 31 முதல் கூகுள் தனது பிளே ஸ்டோரில் தடைசெய்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டெம்பரிலேயே இத்தகைய கட்டுப்பாட்டை விதித்திருந்தது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவதோ 2025இல் பிற்போடப்பட்டது.

கொடுத்த அனுமதியைத் தொலைபேசியின் அமைப்புகள் பகுதியில் மீளப்பெறலாம். தோட்டங்களில் உள்ளோர் தம் பிள்ளைகளைக் கொண்டேனும் இதைச் செய்துகொள்வது நல்லது. ஏற்கெனவே பிரதிசெய்யப்பட்ட இலக்கங்கள் அதனால் அழிந்துவிடா. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளுக்கோ கூகுளின் தடையும் இல்லை, முறையிட ஒற்றை நட்சத்திரமும் இல்லை.